ரீச்சரைக் கேளுங்கள்: அடி, மீற்றர், கியூப், கட்டை

போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "ஒரு அங்குலம் என்றால் எத்தனை சென்ரிமீற்றர்?" என்று கேட்டிருந்தாள். 2.54 என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், இந்தக் குழப்பம் எத்தனை வீடுகளில் கிடந்திருக்கிறது என்று தெரிகிறது. வீடு கட்டுகிறவர், வயல்காரர், நெசவுகாரர், பேரப்பிள்ளையை நினைத்துக் கவலைப்படும் அம்மம்மா என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க அளவுக்கே.

பதில்களுக்கு முன்னால் ஒரு யன்னல் கதை. என் அப்பா களுவாஞ்சிக்குடியில் ஓடாவி. பித்தளைக் கீல் வைத்த மடக்கு அடிக்கோல் ஒன்றுதான் அவருக்கு எல்லாம். அதன் முனை தேய்ந்து போயிருந்தது. அதனால் எப்போதும் 1 என்ற கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் ஒன்றைக் கழிப்பார். அவ்வளவு கவனமான மனிதர். 1981இல் ஒருவர் துண்டு ஒன்று கொண்டுவந்து தந்தார். அதில் "யன்னல் 72 – 48" என்று மட்டும் இருந்தது. ஆறடிக்கு நாலடி யன்னல் ஊரில் வழமையானது. அப்பா முதிரைப் பலகையில் அதைச் செய்து, மெருகும் போட்டு முடித்தார். கொண்டுபோய்ப் பார்த்தால் அது குளியலறைக்கான சின்ன யன்னல். வீட்டுக்காரரின் மகன் நாடாவின் மறுபக்கத்தில், சென்ரிமீற்றரில் அளந்திருக்கிறான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பிழையாக அளக்கவும் இல்லை. ஆனாலும் முதிரை முதிரைதானே. பாதிச் செலவை அப்பா ஏற்றார். அன்றிலிருந்து பலகையில் பென்சிலால் எழுதும் ஒவ்வொரு இலக்கத்துக்குப் பக்கத்திலும் "இஞ்சி" அல்லது "செ.மீ." என்று எழுதுவார். எனக்கும் சொன்னார்: "மனே, இலக்கத்த மட்டும் சொல்லாத. என்ன இலக்கம் எண்டும் சொல்லு." முப்பது வருடம் கணிதம் படிப்பித்தபோது நானும் அதைத்தான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சரி, இனிக் கடிதங்கள்.

மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். பேரனுக்குக் காய்ச்சல் 101 என்று போனில் சொன்னாள். இங்கே எங்கள் வெப்பமானியில் 42க்கு மேலே இலக்கமே இல்லை. இரவு முழுக்க நித்திரை இல்லை. கனடாவும் மீற்றர் நாடுதானே, பிறகேன் 101?
— ஒரு அம்மம்மா, கல்லடி

பயப்படாதீர்கள் அம்மா. மகள் சொன்னது பரனைட் கணக்கு. 101இலிருந்து 32ஐக் கழித்தால் 69. அதை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் பிரித்தால் 38.3. நம்முடைய வெப்பமானியில் 38.3 பார்த்தால் என்ன செய்வீர்களோ, அந்த அளவுக் காய்ச்சல்தான் அது. ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. நாலே நாலு சோடி இலக்கத்தை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104.

கனடா மீற்றர் முறைக்கு மாறத் தொடங்கியது 1970களில். வானிலை அறிக்கை 1975 ஏப்ரலில் செல்சியசுக்கு வந்தது. 1977இல் வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறின. ஆனால் 1985இல் மாற்றத்தை நடத்திய ஆணைக்குழுவையே கலைத்துவிட்டார்கள். மாற்றம் பாதி வழியில் நின்றுபோனது. பக்கத்தில் அமெரிக்கா வேறு. அதனால் உங்கள் மகள் வெளியே குளிர் மைனஸ் பத்து என்று செல்சியசில் சொல்வாள், கேக் போடும்போது 350 என்று பரனைட்டில் சொல்வாள். கார் கிலோமீற்றரில் ஓடும், வீடு சதுர அடியில் விலை பேசப்படும். அவளுக்கு இரண்டும் பழகிவிட்டது. போனில் கேட்கும் உங்களுக்குத்தான் திகில்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். பிள்ளையின் நிறையைச் சொல்லும்போது "இருபத்துநாலு" என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. 24 றாத்தல் என்றால் 11 கிலோவும் இல்லை; ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளை. 24 கிலோ என்றால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பிள்ளைகளுக்கு மருந்து கிலோக் கணக்கில்தான் கொடுப்பார்கள். றாத்தலைக் கிலோ என்று எடுத்தால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். பாணி மருந்தை வீட்டுக் கரண்டியால் ஊற்றவும் வேண்டாம். தேக்கரண்டி என்று டொக்டர் சொல்வது 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. நம் அடுக்களைக் கரண்டிகள் எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டவை அல்ல. மருந்துப் பெட்டிக்குள் வரும் சின்ன மூடியைக் கழுவி வைத்திருங்கள்.

இஞ்சினியர் தந்த மதிப்பீட்டில் மணல் 14 கன மீற்றர் என்று இருக்கிறது. லொறிக்காரர் எத்தனை கியூப் என்று கேட்கிறார். அதோடு, கடையில் அரை இஞ்சிப் பைப் கேட்டால் 20 மில்லிமீற்றர் பைப்பைத் தருகிறார்கள். அரை இஞ்சி 12.7 தானே, ஏமாற்றுகிறார்களா?
— வீடு கட்டுகிறவர், ஏறாவூர்

தம்பி, ஐந்து கியூப் சொல்லுங்கள். நம் நாட்டில் ஒரு கியூப் என்பது 100 கன அடி. மீற்றர் கணக்கில் 2.83 கன மீற்றர். ஐந்து கியூப் 14.15 வரும், உங்கள் மதிப்பீட்டுக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் சொல்வதைவிட அளந்து எடுப்பதுதான் பெரிய வேலை. எங்கள் அடுக்களையைக் கட்டும்போது நான் செய்ததைச் சொல்கிறேன். லொறி வந்ததும் பின்கதவைத் திறக்க விடவில்லை. முதலில் பெட்டியின் உள்ளளவை எடுத்தேன்: நீளம் 10 அடி, அகலம் 6 அடி. மணல் 1 அடி 8 அங்குலம் நின்றால் சரியாக ஒரு கியூப். லொறிக்காரர் நடுவில் அளந்து 20 அங்குலம் காட்டினார், அது உண்மை. ஆனால் மணல் நடுவில் குவிந்தும் மூலைகளில் இறங்கியும் கிடந்தது. மெல்லிய கம்பி ஒன்றை அடித்தட்டில் முட்டும்வரை மூலைகளிலும் குத்திப் பார்த்தேன். 14, 15, 14, 17. நடுவிலே 20. ஐந்தையும் கூட்டி ஐந்தால் பிரித்தால் 16. பத்தை ஆறால் பெருக்கி, 16 அங்குலத்துக்குக் கணக்குப் பார்த்தால் 80 கன அடிதான். ஐந்தில் ஒரு பங்கு மணல் இல்லை. சண்டை பிடிக்கவில்லை. இலக்கங்களைச் சீமெந்துப் பை கிழித்த கடதாசியில் எழுதிக் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு 80க்கான காசைத்தான் வாங்கினார். இன்னொன்று: ஈர மணல் பொங்கி நிற்கும். அதே மணல் காய்ந்தால் அளவில் குறையும். மழைக்கு அடுத்த நாள் ஏற்றிய மணலை அளக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

பைப் விஷயத்தில் கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். அரை இஞ்சி என்பது பழைய காலத்தில் குழாயின் உட்துவாரத்துக்கு வைத்த பெயர். 20 மில்லிமீற்றர் என்பது இன்றைய பிளாஸ்ரிக் குழாயின் வெளிவிட்டம். 25 என்றால் முக்கால் இஞ்சி, 32 என்றால் ஒரு இஞ்சி. மீற்றர் பிறந்த பிரான்சிலேயே தண்ணீர்க் குழாயின் புரி இன்றைக்கும் இஞ்சிக் கணக்குத்தான். உங்கள் மோட்டார் சைக்கிள் ரயரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். 100/90-17 என்று இருந்தால் முதல் இலக்கம் அகலம், மில்லிமீற்றரில். கடைசி இலக்கம் சில்லு, இஞ்சியில். இரண்டு முறையும் ஒரே ரப்பரில் சேர்ந்து ஓடுகின்றன.

உலகமே மீற்றருக்கு மாறியபோது அமெரிக்கா மட்டும் ஏன் மாறவில்லை? அலகை மாற்றி எழுதினால் விடைக்கு ஒரு புள்ளி வெட்டுகிறார்கள். உண்மையில் அது அவ்வளவு பெரிய பிழையா ரீச்சர்?
— உயர்தர மாணவன், சாய்ந்தமருது

மகன், முதல் கேள்விக்கு விரைவாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டாவதுதான் முக்கியம். அமெரிக்கா மீற்றரைச் சட்டப்படி ஏற்றது 1866இலேயே. 1893இல் தங்கள் யார் என்ற நீள அளவையும் றாத்தலையும் மீற்றர், கிலோகிராமை வைத்தே வரையறுத்தார்கள். 1959இல் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளோடு சேர்ந்து ஒரு அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என்று முடிவு செய்தார்கள். ஆக அமெரிக்கக்காரரின் அங்குலமே மீற்றருக்குப் பிறந்ததுதான். 1975இல் மாற்றச் சட்டமும் வந்தது, ஆனால் விரும்பினால் மாறலாம் என்ற சட்டம். விருப்பம் என்று விட்டால் யார் மாறுவார்கள்? மருந்து மில்லிகிராமில், சோடா இரண்டு லீற்றர்ப் போத்தலில், பால் கலனில், வீதி மைலில் என்று கலந்து ஓடுகிறது. அந்தக் கலனும் பிரித்தானியக் கலன் அல்ல: அமெரிக்காவில் 3.785 லீற்றர், பிரித்தானியாவில் 4.546.

இனி அந்த ஒரு புள்ளி. 1983 ஜூலை 23. எயார் கனடாவின் புதிய போயிங் 767 மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குப் புறப்படத் தயாராகிறது. அந்த நிறுவனம் அப்போதுதான் மீற்றர் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. எண்ணெய் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை, அதனால் தாங்கியில் கோல்விட்டுப் பார்த்தார்கள். 7,682 லீற்றர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. கொப்பியை எடுத்து என்னோடு செய்து பார்.

சரியான வழி: ஒரு லீற்றர் விமான எண்ணெய் சுமார் 0.803 கிலோ. இருப்பது ஏறக்குறைய 6,170 கிலோ. மிச்சம் 16,130 கிலோ வேண்டும். அதாவது 20,000 லீற்றருக்குச் சற்று மேலே ஊற்ற வேண்டும்.

அவர்கள் செய்த வழி: பெருக்கும் எண் 1.77 என்று பழக்கத்தில் எடுத்தார்கள். 1.77 என்பது ஒரு லீற்றரின் நிறை, ஆனால் றாத்தலில். 7,682ஐ 1.77ஆல் பெருக்க 13,597 வந்தது. அதைக் கிலோ என்று நினைத்தார்கள். 22,300இலிருந்து கழிக்க 8,703. திரும்ப 1.77ஆல் பிரிக்க 4,916 லீற்றர். அதை ஊற்றினார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தல் எல்லாமே சரி. நான் திருத்தினால் ஒவ்வொரு வரிக்கும் சரி போட்டிருப்பேன். விமானத்தில் இருந்தது தேவையான எண்ணெயில் பாதிக்கும் குறைவு.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எண்ணெய் தீரத் தொடங்கி, இரண்டு இயந்திரமும் அடுத்தடுத்து அடங்கின. 69 பேர் உள்ளே. விமானி அதை ஒரு கிளைடர் போல மிதக்கவிட்டு, மனிரோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். ஒரு உயிரும் போகவில்லை. 1999இல் செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் றாத்தல் விசையில் கணக்குக் கொடுக்க, மறுபக்கம் நியூற்றன் என்று வாங்கிக்கொள்ள, கலம் அழிந்தது. உன் ஆசிரியர் ஒரு புள்ளிதான் வெட்டுகிறாரா? நான் இரண்டு வெட்டுவேன் மகன்.

மகளுக்கு எழுதிக் கொடுக்க இருக்கிற காணி. பழைய உறுதியில் 20 பேர்ச். புதிய நில அளவைப் படத்தில் 0.0506 ஹெக்டேயர். இலக்கத்தைப் பார்த்தாலே காணி இல்லாமல் போனது போல இருக்கிறது.
— வாசகி, அக்கரைப்பற்று

காணி அங்கேயேதான் இருக்கிறது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், 20 பேர்ச் 506 சதுர மீற்றர். ஹெக்டேயர் என்பது 10,000 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், 395 பேர்ச். வயலுக்கும் காட்டுக்கும் பொருத்தமான அளவு அது. வீட்டு வளவை அதில் எழுதினால் இப்படித்தான் பூச்சியம் பூச்சியமாக வரும்.

அந்தப் பூச்சியங்களை எண்ணிப் பாருங்கள். எங்கள் குடும்பக் காணியும் 20 பேர்ச்தான். ஒரு அலுவலகத்தில் தட்டச்சுச் செய்யும்போது 0.0506 என்பது 0.506 ஆகிவிட்டது. புள்ளிக்குப் பின்னால் ஒரு பூச்சியம் குறைந்ததும் எங்கள் வளவு கடதாசியில் 200 பேர்ச் ஆனது. பக்கத்து வளவுக்காரர்கள் நாங்கள் அவர்களுடைய காணியை எழுதிக்கொண்டோம் என்று நினைத்தார்கள். இருபது வருடம் வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்கிய வீடு. திருத்தி எடுக்க இரண்டு வருடம் சென்றது. அந்த இரண்டு வருடமும் அவர்கள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஆகவே உறுதி எழுதும்போது ஹெக்டேயருக்குப் பக்கத்தில் பேர்ச்சையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றது காட்டிக்கொடுக்கும்.

நத்தார் கேக்குக்கு அம்மாவின் குறிப்பில் எல்லாம் ஒரு றாத்தல். மெல்பேணிலிருந்து மச்சாள் அனுப்பிய குறிப்பில் கப், மேசைக்கரண்டி. எதை நம்புவது?
— வாசகி, புளியந்தீவு

அம்மாவின் குறிப்பை நம்புங்கள், நிறை ஏமாற்றாது. கடையில் பட்டர் ஏன் 227 கிராம் என்ற வினோதமான அளவில் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது அரை றாத்தல். இரண்டு கட்டி எடுத்தால் அம்மாவின் ஒரு றாத்தல். மச்சாளின் குறிப்பைச் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற நாடுகளில் 15. கப்பும் அங்கே 250, அமெரிக்காவில் 240க்குக் கிட்ட. பேக்கிங் பவுடர் போடும்போது இந்த வித்தியாசம் கேக்கில் தெரியும்.

குளத்துத் தண்ணீரை ஏக்கர் அடி என்று சொல்கிறார்கள். உரம் அந்தர், நெல் புசல். மகன் எல்லாம் பழசு என்று சிரிக்கிறான்.
— விவசாயி, அம்பாறை மாவட்டம்

சிரிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஏக்கர் அடி போல அழகான அளவு வேறு இல்லை. ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஏக்கர் அடி. வரம்பில் நிற்கிறவருக்குக் கண்ணாலேயே தெரியும். இங்கினியாகலை சேனநாயக்க சமுத்திரம் நிரம்பினால் 770,000 ஏக்கர் அடி. அதையே 95 கோடி கன மீற்றர் என்றால் எத்தனை வயலுக்குப் பாயும் என்று யார் சொல்வார்? அந்தர் என்பது 112 றாத்தல், 50.8 கிலோ. இன்றைய உரப் பை 50 கிலோ. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பழைய பெயர் புதிய பையில் ஒட்டிக்கொண்டது.

புசலில் மட்டும் நான் மகன் பக்கம். அது கொள்ளளவு, நிறை அல்ல. நெல் ஒரு புசல் சுமார் 20.9 கிலோ என்பது பொதுக் கணக்கு. ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே புசலில் ஒரே நிறை நிற்காது. விதைக்கும்போது புசல் பேசுங்கள். விற்கும்போது தராசில் கிலோ பாருங்கள். மூடைக் கணக்கில் கேட்டால், அந்த வியாபாரியின் மூடை எத்தனை கிலோ என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

லண்டன் கடை ஒன்று 6 யார் சேலை கேட்கிறது. நாங்கள் 6 மீற்றர் நெய்து அனுப்பலாமா?
— கைத்தறிக்காரர், மருதமுனை

அனுப்பினால் அவர்களுக்குச் சந்தோசம், உங்களுக்கு நட்டம். 6 யார் 5.49 மீற்றர்தான். சேலைக்கு அரை மீற்றர் கூடப் போகும், பதினொரு சேலைக்கு ஒரு சேலை. அவர்கள் யார் அளவையே நினைத்து எழுதினார்களா, வாய்ப்பழக்கத்தில் எழுதினார்களா என்று நெய்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

மகனுக்குப் பத்து வயது, லண்டனில் பிறந்தவன். கிரானிலிருந்து அம்மம்மா போனில், "கோயில் ரெண்டு கட்டைதான் மனே, நடந்தே போய்ட்டு வந்தன்" என்றார். கட்டை என்றால் விறகா என்று கேட்கிறான். நான் எப்படி விளக்குவது?
— வாசகி, லண்டன்

கட்டை என்றால் மைல் என்று சொல்லுங்கள். வீதியோரத்தில் மைலுக்கு ஒரு கல்லோ கட்டையோ நட்டிருந்த காலத்தில் வந்த பேச்சு. இலங்கை 1970களில் மீற்றர் முறைக்கு மாறத் தொடங்கி, வீதியெல்லாம் கிலோமீற்றர்க் கல் வந்த பிறகும் எங்கள் பெரியவர்களின் கால்கள் கட்டையில்தான் நடக்கின்றன. இரண்டு கட்டை 3.2 கிலோமீற்றர்.

உங்கள் மகனுக்கு இந்தக் கிலோமீற்றர்க் கணக்கே தேவையில்லை. பிரித்தானியா பெற்றோலை லீற்றரில் விற்கிறது, பள்ளிக்கூடத்தில் மீற்றர் படிப்பிக்கிறது. ஆனால் வீதிப் பலகை இன்றும் மைலில்தான் நிற்கிறது. கிரானில் இருக்கிற என் மாணவர்களுக்கு அம்மம்மாவின் கட்டையை விளங்கப்படுத்த நான் கரும்பலகையில் பெருக்கிக் காட்ட வேண்டும். லண்டன் பிள்ளைக்கு அது தன் வீட்டு வாசலில் எழுதியிருக்கிற அளவு. அடுத்த முறை போன் எடுக்கும்போது, தன்னுடைய பள்ளிக்கூடம் எத்தனை கட்டை என்று அம்மம்மாவுக்கு அவனே சொல்லட்டும்.